அப்பாவின் நுரையீரல் நீரை வீட்டிலேயே அளக்கும் உடுப்பு: வாங்கலாமா?

குடந்தைக்காரன் · ஞாயிறு, காலை 6:40

அப்பாவுக்கு 71 வயது. அம்மாவோடு கும்பகோணத்தில் இருக்கிறார். நான் ஹூஸ்டனில். "ஹார்ட் பம்பிங் 30 சதவீதம்தான்" என்று இரண்டு வருடம் முன்பு சொன்னார்கள். இந்தப் பொங்கலுக்கு அப்புறம் மட்டும் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மூன்றும் ஒரே கதை. சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். ஆம்புலன்ஸ், ஆக்ஸிஜன், ஊசி, நாலு நாள் ஐ.சி.யூ. "நுரையீரலில் நீர் கோர்த்திருந்தது, எடுத்துவிட்டோம்" என்று சொல்லி அனுப்புவார்கள். அம்மா போனில் ஒவ்வொரு தடவையும் சொல்வது: "நேத்து வரைக்கும் நல்லாத்தானேடா இருந்தார்."

தினமும் எடை பார்க்கச் சொன்னார்கள், பார்க்கிறோம். கடைசித் தடவை சேர்ப்பதற்கு முந்தைய நாள் கூடியிருந்தது வெறும் 600 கிராம்.

என்னோடு வேலை செய்பவரின் மாமனாருக்கு இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு உடுப்பு கொடுத்திருக்கிறார்கள். ரெட்ஸ் என்று பெயர். காலையில் மாட்டிக்கொண்டு ஒன்றரை நிமிடம் உட்கார்ந்தால் நுரையீரலில் எத்தனை சதவீதம் நீர் என்று எண் வருகிறதாம். ஊசி இல்லை, அறுவை இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது எப்படியாவது ஒன்று கொண்டுவந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். "டாக்டரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கேட்டேன். இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்.

மின்காந்தன்_கோவை · ஞாயிறு, காலை 8:15

மருத்துவக் கருவிகள் துறையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். இந்த நிறுவனத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கருவி நிஜம்தான். இஸ்ரேலில் உருவானது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் ராணுவ ரேடார் நுட்பத்திலிருந்து பிறந்தது. மார்பில் ஒரு உணரி, முதுகில் ஒரு உணரி. நடுவே மிகக் குறைந்த சக்தியில் மின்காந்த அலை போகிறது. மின்கடவா மாறிலி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 80ஐ ஒட்டி. நல்ல நுரையீரல் பெரும்பாலும் காற்று. நீர் கோர்க்கக் கோர்க்க அலையின் போக்கு மாறும், அதை வைத்துச் சதவீதம் கணக்கிடுகிறது. 20 முதல் 35 வரை இயல்பு.

இதெல்லாம் எதற்கு, எடை மெஷின் போதாதா என்பார்கள். உங்கள் அப்பா கதையே பதில் சொல்கிறது. நீர் வெளியிலிருந்து வந்து சேர்ந்தால்தான் எடை கூடும். வயிற்றுப் பக்கத்து ரத்தக் குழாய்களில் ஏற்கனவே இருக்கும் ரத்தம் மேலே ஏறி நெஞ்சுக்குப் போனால் மெஷினுக்கு என்ன தெரியும்? 2011இல் வந்த ஃபாஸ்ட் ஆய்வில், நோயாளி மோசமாகப்போவதை எடை 23 சதவீதம்தான் முன்கூட்டிப் பிடித்தது. மார்பின் மின்தடையை அளக்கும் முறை 76 சதவீதம் பிடித்தது.

ரெட்ஸை வைத்து 50 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், உடுப்பு இருந்த மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரிச் சேர்க்கை அதற்கு முந்தைய மூன்று மாதத்தைவிட 87 சதவீதம் குறைந்தது. என் கருத்து: கிடைத்தால் வாங்குங்கள்.

வைகைக்கரை_டாக்டர் · ஞாயிறு, காலை 10:02

இதய மருத்துவர், மதுரை. வாங்காதீர்கள்.

கோவைக்காரர் சொன்ன இயற்பியலில் தப்பில்லை. ஆனால் அந்த 50 பேர் ஆய்வில் ஒப்பிட வேறு குழுவே கிடையாது. அதே ஆட்களின் முன்பு, பின்பு கணக்கு. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு மோசமாக இருந்த ஆளைப் பிடித்து ஆய்வில் போட்டால், அடுத்த மூன்று மாதம் எப்படியும் கொஞ்சம் நன்றாகத்தான் இருப்பார். சுவரில் வேப்பிலை கட்டியிருந்தாலும் பாதி குறைந்திருக்கும். செலவு செய்ததும் கருவி செய்த நிறுவனம்தான்.

சரியாகச் சீட்டுப் போட்டுக் குழு பிரித்துச் செய்த ஆய்வுகள் என்ன சொன்னன? 2010, அமெரிக்கா, டெலி ஹெச்.எஃப். (ஹெச்.எஃப். என்றால் ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு; உங்கள் அப்பாவுக்கு இருப்பது அதுதான்.) 1653 பேர். தினமும் போன் செய்து எடையையும் அறிகுறிகளையும் பதிய வைத்தார்கள். ஆறு மாதத்தில் மறுசேர்க்கை அல்லது மரணம்: கண்காணித்த குழுவில் 52.3 சதவீதம், சும்மா விட்ட குழுவில் 51.5. ஒன்றுமில்லை.

அடுத்து, கோவைக்காரர் பாராட்டும் அதே மின்தடை. அதை நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கர் மாதிரிக் கருவியிலேயே அளந்து, நீர் கூடினால் 'பீப்' என்று கத்த வைத்தார்கள். 2011, டாட் ஹெச்.எஃப். என்ன ஆயிற்று தெரியுமா? சத்தம் போட்ட குழுவில் இதயச் செயலிழப்புக்கான சேர்க்கை *கூடியது*. ஆபத்து 1.79 மடங்கு. சத்தம் கேட்டதும் பயந்து ஓடி வந்தார்கள், வந்தவர்களைப் படுக்க வைத்தோம்.

அம்மா கையில் ஒரு எண்ணைக் கொடுத்தால் அதுதான் நடக்கும். 34 என்று இருந்தது 37 ஆகிவிட்டது, ஐயோ என்று ராத்திரி உங்களுக்குப் போன் வரும். உங்களுக்கு அப்போது பகல், ஆபீஸ் மீட்டிங்.

அதைவிட முக்கியமான கேள்வி: அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? பட்டியல் போடுங்கள். அதைப் பார்க்காமல் உடுப்பைப் பற்றிப் பேசுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போல.

மின்காந்தன்_கோவை · ஞாயிறு, காலை 11:30

> சுவரில் வேப்பிலை கட்டியிருந்தாலும் பாதி குறைந்திருக்கும்.

கைதட்டல் வாங்க நல்ல வரி, டாக்டர். ஆனால் ஆய்வின் அடுத்த பாதியைச் சொல்லாமல் விட்டீர்கள். உடுப்பைத் திரும்ப வாங்கிய பிறகு மூன்று மாதம் அவர்களைப் பார்த்தார்கள். சேர்க்கை மறுபடி ஏறியது. தானாகச் சரியாகிக்கொண்டிருந்தவர்கள் என்றால் உடுப்பைக் கழற்றியதும் ஏன் மோசமானார்கள்? உங்கள் வேப்பிலையிடம் இதற்கு விளக்கம் இருக்கிறதா?

டாட் ஹெச்.எஃப். கருவியின் தோல்வி அல்ல, மணியை யார் காதில் கட்டினார்கள் என்பதன் தோல்வி. நோயாளியின் காதில் கட்டினார்கள். இஸ்ரேலிலேயே 2016இல் வெளியான இன்னொரு ஆய்வைப் பாருங்கள், இம்பீடன்ஸ் ஹெச்.எஃப். 256 பேர். சீட்டுப் போட்டுப் பிரித்தது, நீங்கள் கேட்ட அதே மாதிரி. மார்பில் மின்முனைகளை ஒட்டி வெளியிலிருந்தே அளந்தார்கள். எண் டாக்டரிடம் போனது, நோயாளியிடம் அல்ல. நீர் கோர்த்தால் மின்தடை இறங்கும்; அப்படி எண் இறங்கினால் அறிகுறி வருவதற்கு முன்பே நீர் மாத்திரையைக் கூட்டினார்கள். முதல் வருடத்தில் இதயச் செயலிழப்புச் சேர்க்கை 158க்கு 67. மரணமும் குறைந்தது.

இதற்கு என்ன பதில்?

வைகைக்கரை_டாக்டர் · ஞாயிறு, மதியம் 12:10

நல்ல ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் யார் எந்தக் குழு என்பது டாக்டர்களுக்குத் தெரியும், நோயாளிகளுக்குத்தான் தெரியாது. அளந்ததும் வீட்டில் அல்ல, கிளினிக்குக்கு வந்தபோது. அதாவது அந்த 256 பேரும் மாதாமாதம் நிபுணர் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள். குடந்தைக்காரர் அப்பாவுக்கு அடுத்த ரிவ்யூ எப்போது? நான் சொல்லவா? மூன்று மாதம் கழித்து.

தாதி_மலர் · ஞாயிறு, மாலை 4:48

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இங்கிலாந்தில இதயச் செயலிழப்புக்கான தாதியாக வேலை. ஒன்பது வருசம். இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறது நல்லாய் இருக்கு, ஆனால் இரண்டு பேரும் ஒரு ஆளை மறந்துபோனீர்கள். எண்ணைப் பார்த்துவிட்டுப் போன் எடுக்கிற ஆள்.

டாக்டர் டெலி ஹெச்.எஃப். பற்றிச் சொன்னார். அதில் போனில் பேசினது மனுசர் இல்லை, பதிவு செய்து வைத்த குரல். ஏழில் ஒரு ஆள் ஒருக்காலும் அந்த அமைப்பைப் பயன்படுத்தவே இல்லை. ஆறு மாதம் முடியிற நேரம் பாதிக்குக் கொஞ்சம் மேலானவர்கள்தான் கிழமைக்கு மூன்று தரமாவது அழைத்தவர்கள். யார் இயந்திரத்துக்கு ஒவ்வொரு நாளும் கால் வீங்கியிருக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

இப்ப ஜெர்மனியைப் பாருங்கள். 2018, டிம் ஹெச்.எஃப். 2, பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை நடத்தினது, 1571 பேர். வீட்டில் எடை மெஷின், பிரஷர் மெஷின், ஈ.சி.ஜி., ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப். நுரையீரல் நீரை அளக்க ஒன்றும் இல்லை! ஆனால் மறுமுனையில் டாக்டரும் தாதியும் 24 மணி நேரமும் இருந்தார்கள். வருடத்துக்கு நூறு பேரில் 11.3 மரணம் என்பது 7.9 ஆகக் குறைந்தது.

கோவைத் தம்பி, உங்கட உடுப்பு இன்னும் முந்திச் சொல்லும் என்று நானும் நம்புகிறேன். எங்கட நோயாளிகளில் எடையே மாறாமல் மூழ்கினவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் கும்பகோணத்தில் காலமை ஏழு மணிக்கு 38 என்று வந்தால், ஏழேகாலுக்கு அதைப் பார்த்து "இன்றைக்கு நீர் மாத்திரை இரண்டு போடுங்கோ" என்று சொல்லப்போவது யார்? அந்த ஆளின் பெயர் தெரிந்த பிறகு உடுப்பைப் பற்றிக் கதைப்போம்.

பழைய_தபால்காரன் · ஞாயிறு, இரவு 7:25

நான் நோயாளி. 68 வயது, திருநெல்வேலிப் பக்கம். பம்பிங் 28. நாலு வருடம் ஓடிவிட்டது. படித்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு வார்த்தை.

நான் நோட்டு வைத்திருக்கிறேன். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு, காபி குடிப்பதற்கு முன்னால், லுங்கியோடு எடை. பக்கத்தில் எத்தனை தலையணை வைத்துத் தூங்கினேன் என்று எழுதுவேன். ஒன்று என்றால் நல்ல நாள். இரண்டு பரவாயில்லை. மூன்று போட்டால் மனைவி நோட்டைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்தி, குழி விழுகிறதா என்று ஒரு டிக்.

ஆரம்பத்தில் எடை ஒரு நாள் 61, மறுநாள் 62.5, அடுத்த நாள் 60.8 என்று குரங்கு மாதிரி தாவும். எங்கள் வீட்டுத் தரை பழைய செங்கல் தளம், மேடு பள்ளம். என் மகன் ஒரு கடப்பாக்கல் துண்டு வாங்கி மூலையில் மட்டம் பார்த்துப் பதித்தான். அன்றிலிருந்து மெஷின் ஒழுங்காகப் பேசுகிறது. இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஆனால் டாக்டர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் கோவைத் தம்பி பக்கம். போன புரட்டாசியில் எனக்கு எடை ஏறவே இல்லை. நோட்டில் ஒரு மாதமும் 59.5, 59.4, 59.6. எல்லாரும் சந்தோஷம். நடந்தது என்னவென்றால் எனக்குப் பசி போய்விட்டது, இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. சதை கரைந்தது, அந்த இடத்தில் நீர் ஏறியது. கூட்டிக் கழித்தால் மெஷினுக்குச் சரியாகவே இருந்தது. ஏழு நாள் படுத்தேன். அப்போது என் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஏதாவது ஒரு பெட்டி இருந்திருந்தால் அந்த ஏழு நாள் மிஞ்சியிருக்கும்.

வைகைக்கரை_டாக்டர் · ஞாயிறு, இரவு 9:03

ஐயா, கோபமா? உங்கள் நோட்டை என் மாணவர்களுக்குக் காட்டலாம் போலிருக்கிறது. நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. நீர் இல்லாத எடை எவ்வளவு என்பதை அவ்வப்போது புதிதாகக் குறிக்க வேண்டும், பசி குறைந்த ஆளுக்கு முக்கியமாக. அதைச் செய்யாதது எங்கள் பக்கத்துத் தப்பு.

ஆனால் அதற்கு உடுப்பு வேண்டாம். என் ஓ.பி.யில் உள்ளங்கை அளவு அல்ட்ராசவுண்டு இருக்கிறது. நுரையீரலில் நீர் இருந்தால் திரையில் வால் நட்சத்திரம் மாதிரி வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழாக விழும். எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம். பார்சலோனாவில் 123 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. கோடுகளைப் பார்த்து மாத்திரையை மாற்றிய குழுவில், ஆறு மாதத்தில் அவசர வருகை, சேர்க்கை, மரணம் மூன்றும் சேர்த்து 23 சதவீதம். ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பிய குழுவில் 40. (குறைந்ததில் பெரும்பங்கு அவசர வருகைதான், சேர்க்கையோ மரணமோ அல்ல. கோவைக்காரர் பிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

உடுப்பில் இன்னொரு சிக்கல். அதைச் சோதித்த ஆய்வுகளில் 155 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ளவர்களையும், உடல் நிறைக் குறியீடு 22க்குக் கீழே உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. நம் ஊர்ப் பெண்களின் சராசரி உயரமே 152ஐ ஒட்டித்தான். அதாவது என் வார்டில் படுத்திருக்கும் பாட்டிகளில் பாதிப்பேருக்கு அந்த எண் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. நிமோனியாவில் சளி கட்டினாலும் எண் ஏறும். அதற்கு நீர் தெரியும், நீர் ஏன் வந்தது என்று தெரியாது.

மின்காந்தன்_கோவை · ஞாயிறு, இரவு 10:20

உயரக் கணக்கு நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். நம் உடம்புகளுக்கு யாராவது அளவெடுத்துச் சரிபார்க்க வேண்டும், செய்யவில்லை.

ஆனால் அல்ட்ராசவுண்டு பற்றி: டாக்டர், நீங்கள் புரோபைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் கும்பகோணம் போவீர்களா? ஓ.பி.க்கு வந்தால் பார்ப்பேன் என்கிறீர்கள். ஓ.பி.க்கு வரும் நாளில் அவர் நன்றாகத்தான் இருப்பார்! புதன்கிழமை ரிவ்யூ, வெள்ளிக்கிழமை ராத்திரி ஜன்னல் கம்பி. இங்கே பிரச்சினையே நடுவில் இருக்கும் நாட்கள்தான்.

மாத்திரையை ஒழுங்குபடுத்தினால் எல்லாம் தீரும் என்று அடுத்து சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். நெதர்லாந்தில் 348 பேர், மானிட்டர் ஹெச்.எஃப்., 2023. நுரையீரல் தமனிக்குள் உணரி வைத்து அழுத்தத்தை வீட்டிலிருந்தே பார்த்தார்கள். அவர்கள் எல்லாம் இந்தக் காலத்து நல்ல மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள். அதன் பிறகும் சேர்க்கை 44 சதவீதம் குறைந்தது. ஆக மாத்திரைக்கு மேலேயும் கண்காணிப்புக்கு இடம் இருக்கிறது.

வைகைக்கரை_டாக்டர் · ஞாயிறு, இரவு 10:41

அது காலிலிருந்து குழாய் விட்டு உள்ளே வைப்பது. நீங்கள் விற்க வந்தது ஊசியில்லாத உடுப்பு. அழுத்தம் முதலில் ஏறும், நீர் அதற்கு அப்புறம்தான் கோர்க்கும். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றின் மார்க்கை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

மின்காந்தன்_கோவை · ஞாயிறு, இரவு 10:44

நான் எதையும் விற்க வரவில்லை.

வைகைக்கரை_டாக்டர் · ஞாயிறு, இரவு 10:52

சரி, அந்தச் சொல் தப்பு. மன்னிக்கவும்.

குடந்தைக்காரன் · திங்கள், காலை 7:15

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். தலையணை பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "போன தடவை ஒரு வாரமாவே ஈசிச்சேர்லதான்டா தூங்கினார். மெத்தை சூடுன்னு சொன்னார், நானும் நம்பிட்டேன்" என்றாள்.

டாக்டர் கேட்ட மாத்திரைப் பட்டியல், பெட்டியை வீடியோவில் காட்டச் சொல்லி எழுதினேன்:

நீர் மாத்திரை ஃப்ரூசமைடு 40, காலையில் ஒன்று. மெட்டோபுரோலால் 25. ஆஸ்பிரின். கொழுப்பு மாத்திரை. கேஸ் மாத்திரை. அவ்வளவுதான். அப்புறம் பெட்டியின் மூலையில் வேறொரு அட்டை இருந்தது. என்னம்மா இது என்றேன். முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியதாம். டைக்ளோஃபெனாக். "தினமும் ஒண்ணு, சில நாள் ரெண்டு." எப்போதிலிருந்து? தையிலிருந்து.

வைகைக்கரை_டாக்டர் · திங்கள், காலை 7:31

முதல் வேலை: அந்த வலி மாத்திரை. இன்றே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து இதைச் சொல்லுங்கள், நிறுத்தத்தான் சொல்வார். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். நீர் மாத்திரை ஒரு பக்கம் கதவைத் திறக்க, இது இன்னொரு பக்கம் தாழ்ப்பாள் போடும். தையில் ஆரம்பித்தது, பொங்கலுக்கு அப்புறம் மூன்று சேர்க்கை. இதுதான் முழுக் காரணம் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல மாட்டேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன். முட்டி வலிக்குப் பாராசிட்டமால், மேலே பூச மருந்து, அவரிடமே கேளுங்கள்.

இரண்டாவது: பட்டியலில் இருப்பவற்றைவிட இல்லாதவைதான் என்னை உறுத்துகின்றன. ஸ்பைரோனோலாக்டோன் எங்கே? 1999இலேயே மரணத்தை 30 சதவீதம் குறைக்கும் என்று நிரூபணமானது, டீ விலைக்குக் கிடைக்கும் மாத்திரை. முதலில் சர்க்கரை நோய்க்கு வந்து, இப்போது இதயத்துக்கும் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின் எங்கே? 2020இல் காப்புரிமை முடிந்து நம் நாட்டில் விலை விழுந்துவிட்டது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்து ஒன்றுகூட இல்லை. ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் இடம் கொடுக்காததால் நிறுத்தியிருக்கலாம், பிரஷர் தாழ்வாக இருந்திருக்கலாம். காரணம் இருந்தால் சரி. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக எதையும் ஆரம்பிக்கவோ கூட்டவோ வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் 2013இல் சேர்ந்த 1205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் 59 சதவீதம் பேர் இல்லை. நம்மிடம் உடுப்பு இல்லாததால் போனவர்கள் அல்ல அவர்களில் பெரும்பாலோர்.

ஸ்ட்ராங் ஹெச்.எஃப். என்று 2022இல் ஒரு ஆய்வு, 1078 பேர். கருவியே கிடையாது. டிஸ்சார்ஜ் ஆன 1, 2, 3, 6ஆம் வாரங்களில் கூப்பிட்டு, ரத்தம் பார்த்து, மாத்திரைகளை வேகமாக முழு அளவுக்கு ஏற்றினார்கள். 180 நாளில் மரணம் அல்லது மறுசேர்க்கை 15.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 23.3. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து ரிவ்யூ என்று எழுதி அனுப்பும் எங்கள் ஆட்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும்.

உப்புக்கண்டம் · திங்கள், காலை 9:10

எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். எங்க தாத்தா உப்பில்லாம கஞ்சி குடிச்சு 90 வரைக்கும் இருந்தார். உப்பை நிறுத்துங்க, எல்லாம் சரியாகும்.

தாதி_மலர் · திங்கள், மதியம் 1:20

உப்பைக் குறைக்கிறது நல்லது, நிறுத்தத் தேவையில்லை. மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த சோடியம் ஹெச்.எஃப். ஆய்வு, 2022, 806 பேர்: சேர்க்கையோ மரணமோ குறையவில்லை. உப்பில்லாமல் சாப்பாடே இறங்காமல் மெலிஞ்சு போனால் தபால்கார ஐயாவின் புரட்டாசிக் கதைதான். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், இந்த நாலையும் தள்ளி வையுங்கோ, குழம்பில் அளவாய்ப் போடுங்கோ.

தம்பி, அம்மா ஈசிச்சேர் கதை சொன்னாவே, அதுதான் உங்கட கருவி. ஒரு கிழமை முந்தியே சொல்லிப்போட்டுது, கேட்க ஆள் இல்லை. டாக்டரிடம் போகிற நேரம் ஒன்றை எழுதி வாங்குங்கோ: எடை மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, தலையணை கூடினாலோ, நீர் மாத்திரையை எவ்வளவு, எத்தனை நாள் கூட்டலாம், எப்ப கட்டாயம் வர வேண்டும். அவர் கையெழுத்தில், அம்மா வாசிக்கிற மாதிரித் தமிழில்.

மின்காந்தன்_கோவை · திங்கள், மாலை 6:05

டைக்ளோஃபெனாக் கண்டுபிடிப்புக்கு டாக்டருக்கு ஒரு சல்யூட். ஆனால் ஒன்று. அட்டையை வைத்து நீங்கள் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தீர்கள், கருவி வேண்டாம் என்று நிரூபிக்கவில்லை. தையில் அந்த மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரம் நுரையீரல் எண் 30லிருந்து 37க்கு ஏறியிருந்தால், "என்ன புதிதாகச் சாப்பிடுகிறார்" என்ற கேள்வி அன்றைக்கே வந்திருக்கும். மூன்று ஐ.சி.யூ. பில் கட்டிய பிறகு, ஒரு இணையத் திரியில் அல்ல.

வைகைக்கரை_டாக்டர் · திங்கள், மாலை 6:40

ஈசிச்சேருக்கே வராத கேள்வி எண்ணுக்கு வந்திருக்குமா?

மின்காந்தன்_கோவை · திங்கள், மாலை 6:48

ஈசிச்சேரை "மெத்தை சூடு" என்று சொல்லி மறைக்கலாம். 37ஐ மறைக்க முடியாது. என் மாமா அப்படித்தான் கடைசி வரை ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொன்னார். அதனால்தான் இந்தத் துறைக்கே வந்தேன்.

பழைய_தபால்காரன் · திங்கள், இரவு 8:00

நானும் மறைத்திருக்கிறேன் தம்பி. ஆஸ்பத்திரி என்றால் பிள்ளை லீவு போட வேண்டும், பணம் புரட்ட வேண்டும். மூன்று தலையணை போட்டுவிட்டு நோட்டில் இரண்டு என்று எழுதிய நாட்கள் உண்டு. மனைவி பார்த்தால் திட்டுவாள்.

குடந்தைக்காரன் · வியாழன், காலை 6:55

தகவல் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மச்சான் லீவு போட்டு அப்பாவைத் தஞ்சாவூரில் வேறொரு இதய டாக்டரிடம் கூட்டிப்போனான். வலி மாத்திரை நிறுத்தம். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு ஸ்பைரோனோலாக்டோனும் டாபாக்ளிஃப்ளோசினும் எழுதியிருக்கிறார். பிரஷர் 100தான் இருக்கிறது, மற்றது பத்து நாள் கழித்து வரும்போது பார்ப்போம் என்றாராம். மூன்று மாதம் அல்ல, பத்து நாள். மலர் அக்கா சொன்ன சீட்டு எழுதித் தருவீர்களா என்று மச்சான் கேட்டதற்குச் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தாராம். அவருடைய நர்ஸின் எண்ணும் அதில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் எடை அனுப்பலாம்.

உடுப்பு விஷயம். அப்பாவின் உயரம் 163, எடை 54. கணக்குப் போட்டேன், குறியீடு 20.3. டாக்டர் சொன்ன 22க்குக் கீழே. கோவை சார், அப்பா உடம்புக்கு அந்த எண் பேசுமா என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியாதுதானே. இப்போதைக்கு விட்டுவிட்டேன். அடுத்த முறை அந்த டாக்டர் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

தினமும் ஊர் நேரம் காலை ஆறரைக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். படுக்கையைக் காட்டச் சொல்கிறேன். தலையணைகளை நானே எண்ணிக்கொள்கிறேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, "போலீஸ்காரன் மாதிரி கேக்கறான்" என்று அம்மாவிடம் புலம்புகிறாராம்.

மின்காந்தன்_கோவை · வியாழன், காலை 8:30

20.3க்குப் பேசுமா என்று எனக்குத் தெரியாது. உண்மை. ஆனால் அந்த ஆய்வை நம் ஊரில் யாராவது செய்ய வேண்டும் என்பதில் மாற்றமில்லை. டாக்டர், உங்கள் வார்டுப் பாட்டிகளை வைத்து அல்ட்ராசவுண்டுக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், கருவி கிடைக்க நான் முயற்சி செய்கிறேன். சம்மதமா?

வைகைக்கரை_டாக்டர் · வியாழன், காலை 8:52

நெறிமுறைக் குழு அனுமதி வாங்க ஆறு மாதம் ஆகும். அதுவரை சண்டை போடலாம். தனிமடல் அனுப்புங்கள்.

பழைய_தபால்காரன் · வியாழன், காலை 9:15

குடந்தைத் தம்பி, மெஷின் எந்தத் தரையில் இருக்கிறது?

குடந்தைக்காரன் · வியாழன், காலை 9:20

கூடத்தில், சிவப்பு சிமெண்டுத் தரை, ஐயா. ஒரு ஓரம் இறங்கியிருக்கிறது. மச்சான் இன்றைக்குக் கடப்பாக்கல் வாங்கப் போயிருக்கிறான்.